எமிலியானுஸ் அனுப்பிய இருபத்தெட்டுப் பக்கங்கள்

என் மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் அவர் பிழை விட்டதாக ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. கறிக்கு உப்புக் கூடினால் உப்புப் பைக்கற்றில் குற்றம். பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவரில் குற்றம். எங்கள் கோயில் பங்கில் விசாரித்தால் "எமிலியானுஸ் அண்ணை தங்கமான மனுசன்" என்பார்கள். தங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறவள் நான். அவர் செய்த ஒரு காரியத்தை, அதில் எனக்குள்ள பங்கையும் சேர்த்து, எழுதி வைக்கவேண்டும் போல் இருக்கிறது.

அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் நாரந்தனையில் பிறந்தவர். சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு அச்சகத்தில் கொம்பியூட்டரில் ரைப் அடித்தார். பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலியும் முப்பத்தோராம் நாள் அழைப்பிதழும்தான். திரும்பச் சண்டை தொடங்கியதும் இங்கே, இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. நான் இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலியக்கார அம்மாமாரின், வீட்டில் வேலை செய்கிறேன், அவர் பதினொரு கட்டடத்துக்குப் படி கழுவுகிறார். படி கழுவுகிற அதே கைதான் எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுத்தாளும் பிள்ளைகளின் முதல்நன்மைக்கு அழைப்பிதழும் அடிக்கிறது. அதிலே அவருக்கு இருக்கிற மண்டைக்கனத்துக்கு அளவே இல்லை.

அவர் படித்தது பாமினி எழுத்துருவில். அதைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. பாமினியில் அடித்தால் கொம்பியூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும், கண்ணுக்கு மட்டும் தமிழ் உருவத்தைக் காட்டும். "அம்மா" என்று அடித்ததைப் பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் mk;kh என்று கிடக்கும். அதனால் அந்தக் காலத்தில் கோப்பைக் கொடுக்கிறவர்கள் எழுத்துருவையும் கூடவே கொடுத்துவிடுவார்கள். பலேர்மோவில் அவர் தானே அடித்துத் தானே தாளில் எடுத்தார். ஒருவருக்கும் கோப்பு அனுப்பவேண்டிய தேவை பதினெட்டு வருடமாக வரவில்லை. எங்கள் மகள் அமலினி கோல் சென்ரரில் வேலை செய்கிறவள். "பப்பா, இப்ப ஒருத்தரும் இப்பிடி அடிக்கிறேல்லை, எல்லா எழுத்துக்கும் யூனிக்கோட்டில சொந்த இடம் இருக்கு" என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "நீ பிறக்கமுந்தி நான் ரைப் அடிச்சனான்" என்பார். அதோடு கதை முடியும்.

பங்கு அலுவலகத்தில் ஒரு போட்டோக்கொப்பி மெசின் இருக்கிறது. அதை என் மனிதர் தன் சொந்த மாடு மாதிரிப் பார்த்துக்கொள்வார். ஒரு நவம்பர் மாதம் அந்த அறைக்குள் சாலியூ வந்தான். கினியா நாட்டுக்காரன், முப்பத்தெட்டு வயது, சியாகுல்லிப் பக்கத்து மந்தரீனோ ஆரஞ்சுத் தோட்டங்களில் கூலி வேலை. நகரத்தின் மறுகரையில் பிரான்காச்சோவில் இன்னும் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தான். பங்குச் சுவாமியிடம் கேட்டு, தன் கொப்பியில் பத்துப் பக்கம் பிரதி எடுக்க வந்திருந்தான். இவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, எழுத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு?" என்று கேட்டாராம். அவனோடு எங்கள் பேச்செல்லாம் இத்தாலியனில்தான், அவன் வாயில் இவர் எமிலியானோ. நான் தமிழில் எழுதுகிறேன்.

வால் முளைத்ததற்குக் காரணம் இருந்தது. சாலியூவின் பாஷையைப் பேசுகிறவர்கள் மலைப்பக்கத்தில் ஒரு பன்னிரண்டு ஊர்க்காரர். அதற்கு எழுத்துக் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சு, சந்தைக்குப் பக்கத்துப் பெரிய பாஷை. சாலியூ அங்கே இரண்டு வருடம் வாத்தியாருக்குப் படித்துவிட்டு இடையில் கடல் கடந்தவன். மந்தரீனோ மரத்தடியில் சாப்பாட்டு நேரத்தில் இருந்து இருந்து தன் பாஷையில் முப்பத்தொரு சத்தம் என்று எண்ணி எடுத்திருந்தான். இருபத்திரண்டுக்கு இங்கே தெருப்பலகையில் இருக்கிற லத்தீன் எழுத்தே போதும். மீதி ஒன்பதுக்கு, ஆபிரிக்காவில் மற்றப் பாஷைக்காரர் நெடுங்காலமாக எழுதிவருகிற எழுத்துகளில் தெரிந்தெடுத்தான். தலையில் கொக்கி போட்ட பி, கொக்கி போட்ட டி, வாய் திறந்த ஓ, வால் வைத்த என். ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து, அதுதான் அவன் சட்டம்.

"மேலே ஒரு புள்ளி வைச்சால் போதாதோ? வரைய லேசு" என்று நான் கேட்டேன். அப்போது அவன் ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தான்.

"எங்கட ஊரில பிரதிக்குப் பிரதி எடுத்துத்தான் பிள்ளையளுக்குக் குடுப்பினம். மூண்டாம் பிரதியில புள்ளி அழிஞ்சு போகும். கொக்கி அழியாது" என்றான்.

எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஒவ்வொரு எழுத்தையும் இப்படி யோசித்து வைத்திருந்தான். பிரான்காச்சோவில் அவன் ஊர்க்காரர் பதினாலு பேர், அதில் ஒன்பது பேர் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். அதை நானே போய்ப் பார்த்தேன். தன் பெயரைத் தாளில் கண்டு ஒரு ஐம்பது வயது ஆள் சத்தம்போட்டுச் சிரித்தார்.

இவ்வளவும் எதற்கென்றால் மரியமாவுக்காக. சாலியூவின் மகள், ஆறு வயது, அவன் வரும்போது தாயின் வயிற்றில். ஒக்டோபரில் முதலாம் வகுப்பு. அந்த மாவட்டத்துக் கல்வி அதிகாரிகளின் கந்தோரில் புதுச் சட்டம் வந்திருந்தது. எழுத்தும் ஒரு முதற்புத்தகமும் உள்ள பாஷை என்றால் முதலாம் வகுப்பை வீட்டுப் பாஷையிலேயே நடத்தலாம். இல்லாவிட்டால் பக்கத்துப் பெரிய பாஷையில் நடக்கும். ஏப்ரல் முடியமுந்திப் புத்தகம் அவர்கள் கையில் இருக்கவேண்டும். மகள் முதல் முதல் வாசிக்கிறது தன் வீட்டுப் பேச்சாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"புத்தகத்தை நான் அடிச்சுத் தாறன்" என்றார் என் மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டு கிழமை, படி கழுவி வந்த களைப்போடு, மேசையில் குனிந்திருந்து ஒன்பது எழுத்தையும் வரைந்தார். அந்தக் கொக்கிகளின் வளைவு ஒன்றுபோல் வர எத்தனை தரம் அழித்தார் என்று எனக்குத் தெரியும். வடிவாகத்தான் வந்தது. ஆனால் எப்படிச் செய்தார்? பாமினி செய்தவர்கள் செய்ததுபோலச் செய்தார். சாலியூவுக்குத் தேவைப்படாத நாலு ஆங்கில எழுத்தின் மேலும், சதவீதக் குறி, சமன் குறி என்று ஐந்து குறியின் மேலும் அந்த ஒன்பதையும் ஏற்றி வைத்தார்.

அமலினி பார்த்துவிட்டு, "பப்பா, இந்த ஒன்பதும் ஏற்கனவே கொம்பியூட்டரில இருக்கு. நீங்கள் செய்யத் தேவையில்லை" என்றாள். இவர் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் அவளை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டு, "அப்பாவை விடு, ஆசையாச் செய்யிறார்" என்றேன்.

இருபத்தெட்டுப் பக்கம். மரம், ஆடு, கிணறு என்று படம் போட்டு, பங்கு மெசினில் எடுத்துத் தைத்துக் கொடுத்தார். சாலியூ அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதான். இவருக்கும் கண் கலங்கியது. நான் தேத்தண்ணி ஊற்றப்போகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

தபாலில் போட்டால் இரண்டு மாதம் எடுக்கும். ஊரில் சாலியூவின் அண்ணன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கந்தோரில் தங்கள் அளவுக்குப் புத்தகத்தை மாற்றி அடிப்பார்களாம், ஆகவே கோப்பாகவே மின்னஞ்சலில் அனுப்பு என்று அவர் சொன்னார். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள், இரண்டு கட்டட வேலைக்கு இடையில் வீட்டுக்கு ஓடிவந்து, நின்ற நிலையில் என் மனிதர் அனுப்பினார். கோப்பு போனது. எழுத்துரு எங்கள் லப்டொப்பிலேயே இருந்துவிட்டது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு சாலியூ வந்தான். செத்த வீட்டுக்குப் போய்வந்த ஆள் மாதிரி இருந்தான். கந்தோரில் கூட்டம் நடந்ததாம். அண்ணன் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். முப்பது பிரதி எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தார்களாம், ஒருவராலும் ஒரு வரி வாசிக்க முடியவில்லையாம். சாலியூ போனில் அனுப்பிய எழுத்துகளைக் கையால் எழுதிப் பார்த்திருந்த அண்ணனாலும் முடியவில்லை. பெரியவர்கள் சிரித்திருக்கிறார்கள். இத்தாலி வெயிலில் உன் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். அண்ணன் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டார், பிறகு எடுக்கவே இல்லை.

"என்ரை எழுத்துப் பிழை" என்றான் சாலியூ. "இஞ்சை வாசிச்சவை என்னில உள்ள அன்பில வாசிச்சிருக்கினம். அங்கை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கொக்கி சரிவராது போல."

அன்றைக்கு எங்களுக்கும் காரணம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. அனுப்பியது இவருடைய முகவரியிலிருந்து, அதனால் பதிலும் இவருக்கே வந்தது. அவர்கள் அச்சடித்த தாளில் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். சொற்களுக்கு நடுவே சதவீதக் குறியும் சமன் குறியும் நிறைந்து கிடந்தது. இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்னப்பா, முகம் செத்துக் கிடக்கு?"

"ஃபொண்ட் அனுப்பேல்லை" என்றார்.

எழுத்துருவைத்தான் சொன்னார், எனக்கும் விளங்கிவிட்டது. பாட்டுத்தாள் அடிக்கிற வீட்டில் இத்தனை வருடம் இருக்கிறவளுக்கு அது விளங்காதா? படத்துக்குக் கீழே பிரெஞ்சில் ஆறு வரி இருந்தது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பக்கத்துத் தெருவில் மொரீசியஸ்காரி ஷாந்தால் இருக்கிறாள், காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பாள். போனைக் காட்டினாலும் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கும்.

"ஷாந்தாலிட்டைக் காட்டட்டோ?" என்று கேட்டேன்.

"ஏச்சுத்தானே எழுதியிருப்பாங்கள். அதை வாசிக்க ஆள் பிடிக்கவேணுமோ?" என்று லப்டொப்பை மூடினார்.

"அப்ப சாலியூவுக்குச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல? அங்கை முடிஞ்சுது. அவன்ரை அண்ணன்காரன் ஊர் முழுக்க வெக்கப்பட்டாச்சு. நான் சொன்னால் அது திரும்பி வருமோ?"

இந்த இடத்தில் நான் ஒரு கத்துக் கத்தியிருக்க வேண்டும். சின்ன விசயத்துக்கெல்லாம் கத்துகிறவள்தானே. ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் எல்லோரும் அண்ணை அண்ணை என்று வருகிற மனிதர், ஒரு ஆபிரிக்கக் கூலிக்காரன் முன்னால் தலை குனிய வேண்டுமா என்றும் ஒரு எண்ணம் வந்தது. வந்ததை மறைக்கமாட்டேன். "சரி, விடுங்கோ" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

சாலியூ விடவில்லை. அடுத்த ஞாயிறே புதுக் கொப்பியோடு வந்தான். கொக்கிகளை எடுத்துவிட்டு, இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு சத்தம் என்று மாற்றியிருந்தான். அதை இவர் ரைப் அடித்துக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் அதுவும் சரிவராது என்று மேலே புள்ளிகள் வைத்தான். மூன்றாம் பிரதியில் அழிந்துபோகும் என்று எனக்குச் சொன்னானே, அதே புள்ளிகள். அதையும் இவர் அடித்துக் கொடுத்தார். வாய் திறக்காமல், வளைவு நெளிவு பார்த்து, வடிவாக அடித்துக் கொடுத்தார். நல்லதொரு எழுத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க, இவர் பக்கத்தில் இருந்து கைகொடுத்துக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரான்காச்சோ ஆட்களுக்கு வெறுத்துப்போனது. மூன்று ஞாயிறில் வாசிக்கப் பழகியவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடுமாறினார்கள். பிறகு ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். தன் பெயரைக் கண்டு சிரித்த அந்த ஐம்பது வயது ஆள், "எங்களை வைச்சு விளையாடுறாய்" என்று சொல்லிவிட்டாராம். சாலியூ மெலிந்துபோனான். எங்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னால் கோப்பையைக் கிளறிவிட்டு வைப்பான். இவரும் இராத்திரி நித்திரையில்லாமல் புரண்டார். புரளட்டும் என்று விட்டேன்.

ஓகஸ்ட் மாதம், வெயில் கொளுத்துகிற நாள். தோட்டத்தில் மந்தரீனோக் காய் நெருக்கம் குறைக்க, பச்சைக் காயைப் பிடுங்கிக் கொட்டுகிற வேலை. அதை முடித்துக்கொண்டு பிற்பகல் சாலியூ நேரே வீட்டுக்கு வந்தான். கை முழுக்கக் காய்த்தோலின் எண்ணெய் மணம். கொப்பி கொண்டுவரவில்லை.

"ஊருக்கு வொய்ஸ் மெசேச் அனுப்பிப்போட்டன்" என்றான். "என்ரை எழுத்துப் பிழை, எனக்காக ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், மரியமாவைப் பெரிய பாஷை வகுப்பிலையே சேருங்கோ எண்டு சொல்லிப்போட்டன். கொப்பியளை எரிச்சிட்டன். உனக்கும் வீண் வேலை குடுத்துப்போட்டன், எமிலியானோ. மன்னிச்சுக்கொள்."

அவன் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த துடைப்பத்தை எறிந்தேன். "உன்ரை எழுத்தில ஒரு பிழையும் இல்லை!" என்று இத்தாலியனில் கத்தினேன். பிறகு இவரைப் பார்த்துத் தமிழில், "இப்ப நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றேன்.

இவர் எழும்பிப் போய் லப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மின்னஞ்சலைத் திறந்து சாலியூ பக்கம் திருப்பினார். "நான் பிழை விட்டிட்டன்" என்றார். எழுத்துருவை அனுப்பாமல் விட்டதையும், ஏப்ரலிலேயே தனக்குத் தெரியும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

சாலியூ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு கீழேயிருந்த ஆறு வரியை வாசிக்கத் தொடங்கினான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதே அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. வாசித்து முடித்துவிட்டு, எங்களுக்கு இத்தாலியனில் சொன்னான். குரல் உயரவில்லை.

"வரும் வழியில உங்கட கோப்பில எழுத்துக் குழம்பியிருக்குது போல. அண்ணன் தன் கையால எழுதிக் காட்டின ஒரு பக்கத்தைப் பாத்தம், எழுத்து நல்லாயும் தெளிவாயும் இருக்கு. கோப்பைத் திருத்தித் திரும்ப அனுப்புங்கோ. மே முப்பத்தொண்டு வரைக்கும் உங்கட பாஷைக்கு இடம் ஒதுக்கி வைச்சிருக்கிறம்."

அன்றைக்கு ஓகஸ்ட் இருபத்திநாலு.

ஏச்சு என்று நாங்கள் மூடி வைத்தது இதைத்தான். சாலியூ ஒருவரையும் ஏசவில்லை. "மே முப்பத்தொண்டு" என்று இரண்டு தரம் சொன்னான், அவ்வளவுதான். அமலினி வேலையால் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு லப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தாள். எங்களிடமிருந்த அச்சடித்த பிரதியைப் பார்த்து, இருபத்தெட்டுப் பக்கத்தையும் யூனிக்கோட்டில் அடித்தாள். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது, இந்த முறை உடனே வாசித்தோம். புத்தகம் நன்றாக இருக்கிறது. வகுப்புகள் ஒதுக்கியாயிற்று, பெரிய பாஷைப் புத்தகம் அச்சாகிவிட்டது. அடுத்த பரிசீலனை ஐந்து வருடம் கழித்து.

டிசம்பரில், நத்தாருக்கு முந்தின ஞாயிறு சாலியூ வந்தான். அது வரைக்கும் வரவில்லை, இவர் போன் எடுத்தாலும் ஒன்றிரண்டு சொல்லோடு வைத்துவிடுவான். போனை எடுத்து ஒரு படம் காட்டினான். கோடு போட்ட தாளில் பென்சிலால் ஐந்து வரி, குண்டு குண்டு எழுத்து.

"மரியமா எழுதினது. எனக்கு அவள் எழுதின முதல் கடிதம்."

அவன் அதைச் சத்தமாக வாசித்தான். பிறகு அர்த்தம் சொன்னான். அப்பா, நான் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். எங்கள் ஆடு குட்டி போட்டது. நீங்கள் எப்போது வருவீர்கள்?

"வடிவான கையெழுத்து" என்றேன்.

"ஓம். நல்லா எழுதுறாள்" என்றான். "பெரிய பாஷையில. தாய்க்கு அது சந்தையில விலை கேக்கிற அளவுதான் தெரியும். பிள்ளை எழுதினதைத் தாய்க்கு வாசிச்சுக் காட்டினாலும் விளங்காது. பிள்ளைதான் பிறகு வீட்டுப் பாஷையில சொல்லவேணும்."

என் மனிதர் மெல்ல வாயைத் திறந்தார். "அமலினி அடிச்ச புத்தகம் இருக்கு. ஊருக்கு நூறு பிரதி எடுத்து அனுப்புவம். செலவை நான் பாக்கிறன். வீட்டில இருந்து படிக்கட்டும்."

"அவள் வாசிக்கிறாள், எமிலியானோ. பிள்ளையை இனிக் குழப்ப வேண்டாம்" என்றான் சாலியூ. புதுவருடம் பிறக்க வடக்கே ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னான். தேத்தண்ணியை முழுவதும் குடித்தான், கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தான், எனக்குக் கை கொடுத்தான், இவருக்கும் கொடுத்தான். படியிறங்கிப் போனான்.

இவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"ஒருக்கா என்னை ஏசியிருக்கலாம்" என்றார்.

"ஏசியிருந்தால் உங்களுக்குச் சுகமாயிருந்திருக்கும்" என்றேன்.